டாக்டர், கேள்வியை எங்களிடம் கேளுங்கள்

எனக்கு ஃபிட்ஸ் ஆரம்பித்தது ஒன்பதாம் வகுப்பில். காலையில் பல் தேய்க்கும்போது கை வெட்டி இழுத்து பிரஷ் தெறித்து விழும், தூக்கக் கலக்கம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பெரிய வலிப்பு வந்த பிறகுதான் நியூரோ டாக்டரிடம் போனோம். ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி என்பது அதன் பெயர், பதின்ம வயதில் தொடங்கும் வகை. அந்தப் பெயரை நானே மருந்துச் சீட்டில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் பேச்சு முழுக்க டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான். "நல்லா தூங்குறாளா? மாத்திரை ஒழுங்கா போடுறாளா? பீரியட்ஸ் சரியா வருதா?" பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது என்னை அக்கா என்று கூப்பிட்டுப் பேசும், வலிப்புள்ள சில பிள்ளைகளுக்கும் இதுதான் முதல் குறை. எங்களிடம் பேசுங்கள், காரணத்தோடு பேசுங்கள்.

தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கிற பெண்ணிடம் "ராத்திரி கண் முழிக்காதே" என்று மட்டும் சொன்னால் அது இன்னொரு அதட்டல், அவ்வளவுதான். தூக்கம் கெட்டால் உன் வகை வலிப்பு மறுநாள் காலையில் எழுந்ததும் வர வாய்ப்பு அதிகம், பரீட்சை ஹாலுக்குப் போகிற நேரம் அது, அதனால் படிப்பை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்கும்.

மாத்திரையும் அப்படித்தான். ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை ஈறை வீங்க வைக்கும், முகத்தில் முடி வளரலாம். வால்ப்ரோயேட்டில் உடம்பு போடும், முடி கொட்டும். லெவெடிராசெட்டம் சிலருக்குக் கண்மூடித்தனமான கோபத்தைக் கொண்டுவரும், எனக்குத் தெரிந்த ஒரு பையனை வீட்டில் எல்லோரும் திமிர் பிடித்தவன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி, "தாங்க முடியலைன்னா வா, மாத்திப் பார்க்கலாம்" என்றால், பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. கர்ப்பத்தின்போது வால்ப்ரோயேட் எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. ஆனால் இங்கே கல்யாணப் பேச்சு எடுக்கும்வரை யாரும் வாயே திறப்பதில்லை, சின்னப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்ற கூச்சம். பதினைந்து வயதில் எங்களுக்குப் புரியும். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.) நல்ல செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998-லிருந்து வலிப்புள்ள பெண்களின் கர்ப்பங்களைப் பதிவு செய்து கவனித்து வருகிறார்கள், பெரும்பாலானோர் ஆரோக்கியமான பிள்ளைகளைத்தான் பெற்றிருக்கிறார்கள். வலிப்பைக் காரணம் காட்டி கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததையும் 1999-லேயே எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் ராத்திரியெல்லாம் அழுத பெண்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், பல அரசு மருத்துவமனைகளில் 12 வயதோடு குழந்தைகள் பிரிவு முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் பெரியவர்கள் ஓபியில் புது டாக்டர், பெரிய கூட்டம், பழைய நோட்டைப் புரட்டக்கூட நேரமில்லை. மாற்றும்போது ஒரு பக்கத்துக்காவது விவரம் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். பள்ளிக்கும் ஒரு கடிதம் வேண்டும்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அம்மா அப்பாக்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள், டாக்டரிடம் பிள்ளை தனியாகப் பேசட்டும். பிறகு உள்ளே வந்து, வலிப்பு வந்தபோது நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், பெரிய வலிப்பு எங்களுக்கு நினைவிருக்காது. செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் காட்டாதீர்கள்.