ரேக் வாங்கும் முன்

சின்னக் கடை வைத்திருப்பவர்களே, புது ரேக் வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கடைக்குள் ஓரமாக நின்று பாருங்கள். வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த மூலைக்குப் போவதே இல்லை என்று தெரிந்துவிடும்.

நான் அப்படி நின்ற அன்று, கீழ்த்தட்டில் இருந்த பேட்டரியை எடுக்க ஒரு அம்மா குனிந்தார். பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். அந்த அம்மா பேட்டரியை எடுக்காமலே நிமிர்ந்து வெளியே போய்விட்டார். அளந்து பார்த்தேன், நடக்கும் வழி 60 சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 வேண்டும். அன்றைக்கே நடு ரேக்கைக் கழற்றிவிட்டேன். சரக்கு குறைந்தது உண்மைதான், ஆனால் ஆட்கள் கடைசிவரை உள்ளே வருகிறார்கள்.

தரையிலிருந்து நான்கு, ஐந்தடி உயரம்தான் கண்ணில் சட்டென்று படும் இடம். லாபம் நிற்கும் சரக்குக்கு அதைக் கொடுங்கள். கனமானது கீழே போகட்டும். ஒரே சோப்பை எட்டு வரிசை பரப்ப வேண்டாம், மூன்று போதும், மீதி பின்னால் இருக்கட்டும். அப்புறம், புதிதாக வந்ததை எப்போதும் பழையதற்குப் பின்னால் வையுங்கள்.

கல்லாவை ஒட்டிய மூலை மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்?