உண்ணிச்செடியை வெட்டாதீர்கள், தோண்டுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் அரிவாளோடு போய், காட்டை ஆக்கிரமிக்கும் அயல் தாவரமான உண்ணிச்செடிப் (லன்டானா) புதரை வெட்டிச் சாய்த்துவிட்டால், அன்று மாலை காடு பளிச்சென்று தெரியும். அடுத்த மழை முடிந்து போய்ப் பாருங்கள். ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தளிர் கிளம்பி, முன்னைவிட அடர்ந்து நிற்கும். வெட்டுவது இந்தச் செடிக்குக் கவாத்து மாதிரி.

காரணம் வேரடியில் இருக்கிறது. தண்டு முடிந்து வேர் தொடங்கும் கணுப்பகுதியில்தான் மறுதளிர் விடும் மொட்டுகள் உள்ளன. அது மண்ணில் இருக்கும்வரை மேலே எத்தனை முறை வெட்டினாலும் வீண். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை இதற்கு நல்ல வழி. தரைமட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, அந்தக் கணுப்பகுதியோடு செடியைத் தூக்கிவிட வேண்டும். அதற்கும் கீழே உள்ள வேர் அப்படியே கிடக்கட்டும். முழு வேரையும் பிடுங்குகிறேன் என்று குழி பறித்தால், சரிவில் மேல்மண் மழையோடு போய்விடும். கிளறிய மண்ணில் புதைந்திருந்த விதைகளும் முளைக்கும்.

புதருக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் கவைக்கம்பால் கிளைகளைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் குனிந்து அடியைச் சுற்றி மண்ணை விலக்கி, சின்னக் கடப்பாரையாலோ கொத்தாலோ வேரை வெட்டலாம். தண்டின் முட்கள் வளைந்தவை. துணிக் கையுறை கிழிந்துவிடும், தோல் கையுறை வேண்டும். எடுத்த செடியை வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஈரமண்ணில் கிடந்தால் மறுபடி வேர்பிடிக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மரத்தில் ஏறிப் படர்ந்ததை அன்றே இழுத்தால் மரத்தின் கிளையும் முறியும். அடியை எடுத்துவிட்டு, இலை உதிர்ந்து காய்ந்தபின் இறக்குங்கள். ஆனால் அதற்கு அடுத்த கோடைவரை காத்திருக்காதீர்கள். காய்ந்த உண்ணி, தரைத்தீயை மர உச்சிக்கு ஏற்றிவிடும் ஏணி.

காய் கறுப்பதற்கு முன், மண் இளகியிருக்கும் நாட்களே தோதானவை. பழுத்துவிட்டால் இழுத்துச் செல்லும் வழியெல்லாம் நீங்களே விதைத்துக்கொண்டு போவீர்கள்.

இதெல்லாம் அனுமதி கிடைத்த பிறகு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். மாவட்ட வன அலுவலருக்கு எழுதும் கடிதத்தில், அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த கொள்கையைக் குறிப்பிடுங்கள். யானை நடமாடும் பகுதியில் வனக்காவலர் முன்னால் போய்ப் பார்க்காமல் ஒருவரும் புதரை நெருங்கக் கூடாது. அடர்ந்த உண்ணிக்குள் யானை நின்றாலும் வெளியே தெரியாது. வீடு திரும்பியதும் உடம்பில் நிஜ உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே மூச்சில் முழுச்சரிவையும் மொட்டையாக்க வேண்டாம். அந்தப் புதர்தான் இப்போது பல உயிர்களுக்கு மறைவிடம். திட்டுத் திட்டாக எடுங்கள். உள்ளே நசுங்கிக் கிடக்கும் நம் மரக்கன்றுகளை உள்ளூர்ப் பழங்குடியினர் இலை பார்த்தே சொல்லிவிடுவார்கள். முதலில் அவற்றுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எடுத்த தண்டுகளும் வீணில்லை. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் அதில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் ஆளுயரத்துக்கும் மேலான யானைச் சிற்பங்களே செய்கிறார்கள்.

வெற்றிடம் விட்டால் பார்த்தீனியம் என்ற களை குடியேறும். அதே காட்டில் திரட்டிய புல்விதையை மழைக்கு முன் தூவிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மழைக்குப் பின்னும், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள், புதிதாக முளைத்த உண்ணி நாற்றைப் பிடுங்க வர வேண்டும். அதற்கு ஐந்து பேர் போதும், கருவியும் வேண்டாம். ஈரமண்ணில் கையாலேயே வந்துவிடும். முதலில் தேட வேண்டிய இடம் தனி மரங்களின் அடி. கொண்டைக்குருவியும் மைனாவும் பழம் தின்றுவிட்டு அங்கேதான் உட்கார்ந்து எச்சமிடும்.