ஆப்பெழுத்தோடு மூன்றாவது வாரம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பயணி கார்ஸ்டென் நீபூரின் பயண நூலில் உள்ள செப்புத்தகட்டுப் படங்களை, தொட்டு எழுதும் பேனாவால் பார்த்து வரைந்து பழகி வருகிறேன். முதல் இரண்டு வாரம் ஏமன் உடைகளோடு போனது. இந்த வாரம் பழைய பாரசீகத் தலைநகரான பெர்சிபொலிஸின் கல்வெட்டு; ஆப்பு வடிவக் குறிகளால் ஆன ஆப்பெழுத்தில் உள்ளது.

1761இல் டென்மார்க் அரசர் ஐந்தாம் பிரெடெரிக்கின் செலவில் நீபூர் உட்பட ஆறு பேர் அரேபியாவுக்குக் கப்பலேறினார்கள். (முதலில் போட்ட திட்டத்தில் வழி தரங்கம்பாடியாக இருந்தது, அப்போது அது டேனிஷ்காரர் கையில்.) செடிகொடிகளைப் பார்க்கப் போன ஃபோர்ஸ்கோல் 1763இல் ஏமனில் இறந்தார். ஓவியர் பவுரென்ஃபைண்ட் அதே ஆண்டு பம்பாய்க்கு வரும் வழியில், கடலிலேயே. 1764இல் மிஞ்சியவர் நில அளவைக்காரரான நீபூர் மட்டும். ஆக, 1765 மார்ச்சில் பெர்சிபொலிஸில் நின்று கல்வெட்டைப் படியெடுத்தவர் ஓவியர் இல்லை. அந்தப் பக்கத்தில் அலங்காரம் ஏதும் இல்லாததற்கு அதுவே காரணம் என்பது என் ஊகம்.

சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு முக்கோணத் தலை, ஒரு வால், அவ்வளவுதானே! சாதாரண ஏ4 தாளில் மை கசிந்து தலையெல்லாம் புள்ளியாகிவிட்டது. கார்ட்ரிட்ஜ் தாளுக்கு (வரைவதற்கான தடித்த தாள்) மாறி, பென்சில் கோடு போட்டுக்கொண்டேன். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். தமிழைப் பார்த்து எழுதும்போது கண் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடும். இதில் பிடிக்க எதுவும் இல்லை. நிற்கும் ஆப்பு இரண்டா மூன்றா என்று ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும்.

நீபூர் படிக்கத் தெரியாமலே எழுத்தின் திசையைக் கண்டுபிடித்தவர். ஒரே வாசகம் இரண்டு இடங்களில், வரி முறியும் இடம் மட்டும் வேறு. ஒன்றில் வரிக் கடைசியில் இடம் போதாத எழுத்து, அடுத்த வரியின் இடது முனையில் வந்து நின்றால், இடமிருந்து வலம். சரி, நாமும் பார்ப்போம் என்று, எழுதி முடித்த நான்கு வரிகளை அகலம் குறைந்த தாளில் மறுபடி மூலத்தைப் பார்த்தே எழுதினேன். எழுத்துகள் சொன்னபடி இடது முனைக்குப் போயின. ஆனால் என் இரண்டு படிகளும் ஐந்து இடங்களில் ஒத்துப்போகவில்லை! மூலத்தோடு வைத்துப் பார்த்தால், மூன்றில் முதல் படி தப்பு, இரண்டில் இரண்டாவது.

பெர்சிபொலிஸ் கல்வெட்டுகளில் உள்ள மூன்று வகை ஆப்பெழுத்துகளில் எளியதில் 42 குறிகள் என்று பட்டியல் போட்டிருக்கிறார் நீபூர். நான் 23 வரை வந்திருக்கிறேன். அதில் இரண்டு ஒரே எழுத்துதானோ என்று சந்தேகம். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.