பைத்தான் பிராக்டிக்கல்: முதல் வரியைச் சரியாக எழுதுங்கள்

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவன் நான். பிராக்டிக்கலுக்குப் போகும் தம்பி தங்கச்சிகள் என்னிடம் கேட்பதெல்லாம் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் ரூங்கே-குட்டா முறை பற்றித்தான். அதை ரெக்கார்டு நோட்டு பார்த்துப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது எக்ஸ் மதிப்புகளை உண்டாக்கும் முதல் வரியைப் பற்றி. அது பிசகினால் கீழே எழுதிய அத்தனையும் பிசகும். புரோகிராம் மட்டும் எந்த எரரும் காட்டாமல் ஓடி முடியும்.

பைத்தானில் எண் கணக்குக்கான நூலகமான நம்பையில் (NumPy) இதற்கு லின்ஸ்பேஸ் (linspace), ஏரேஞ்ச் (arange) என்று இரண்டு வழி உண்டு. லின்ஸ்பேஸுக்கு எத்தனை புள்ளி என்று சொல்ல வேண்டும், ஏரேஞ்சுக்குப் படியளவு. அதனால் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் “இடைவெளி 0.1” என்று இருக்கிறதா, “10 சம பாகங்கள்” என்றா, “10 புள்ளிகள்” என்றா என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள். மூன்றும் ஒன்றல்ல. களக்காட்டுப் பக்கம் வாழை வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்: 30 அடி வரிசையில் 6 அடிக்கு ஒரு கன்று, இரண்டு முனையிலும் வைத்தால் கன்று 6, இடைவெளி 5. அதேபோல 0 முதல் 1 வரை லின்ஸ்பேஸில் 10 என்று கொடுத்தால் படி 0.111... என்று வரும். 0.1 வேண்டுமென்றால் 11 கொடுக்க வேண்டும்.

தொகையீட்டின் மதிப்பைக் கணக்கிடும் சிம்ப்சன் 1/3 விதியில் இது உயிர்நாடி. பாகங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அப்படியானால் புள்ளிகள் ஒற்றைப்படை. சைன் எக்ஸை 0 முதல் பை வரை தொகையிட்டுப் பாருங்கள். சரியான விடை 2. பத்துப் பாகத்துக்கு, அதாவது 11 புள்ளிக்கு, சிம்ப்சன் 2.00011 தரும், இன்னொரு தொகையீட்டு முறையான டிரப்பிசாய்டல் 1.9835 தரும். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்திருந்தால் உங்கள் புரோகிராமை நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

ஏரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது என்று எல்லாருக்கும் தெரியும். தொடக்கம், முடிவு, படி என்ற வரிசையில் 0, 1, 0.1 கொடுத்தால் 0.9 வரை 10 எண்கள். ஆனால் 1, 1.3, 0.1 கொடுத்துப் பாருங்கள்: 1.3-உம் சேர்ந்து நான்கு எண்கள் வரும்! 0.1-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. எத்தனை எண்கள் என்று கணக்கிட 0.3-ஐ 0.1-ஆல் வகுக்கிற இடத்தில் 3-ஐவிட ஒரு துளி கூடுதலாக வந்து, அது 4 ஆக மேலே ஏறிவிடுகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் காரணத்தோடு சொல்லுங்கள், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னலுக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும். முழு எண் படிக்கு ஏரேஞ்ச், தசமப் படி வந்தால் லின்ஸ்பேஸ் என்பதே என் பழக்கம்.

லின்ஸ்பேஸில் ரெட்ஸ்டெப் (retstep) என்பதை ட்ரூ ஆக்கினால் படியளவையும் சேர்த்துத் தரும். சூத்திரத்தில் வரும் ஹெச் (h) என்ற அந்தப் படியளவைத் தனியாகக் கணக்கிட வேண்டாம். பலர் இதைப் பயன்படுத்தாமலே விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

அலையில் உள்ள அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் வந்தால் மட்டும், லின்ஸ்பேஸில் கடைசிப் புள்ளியைச் சேர்க்கலாமா என்று சொல்லும் எண்ட்பாயிண்ட்டை (endpoint) ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒரு முழு அலையின் கடைசிப் புள்ளியும் அடுத்த அலையின் முதல் புள்ளியும் ஒன்றே. அதை இரண்டு முறை எடுத்தால் நிறமாலையில் இல்லாத அதிர்வெண்கள் தலைகாட்டும்.

சம விகிதத்தில் ஏறும் எண்களைத் தரும் லாக்ஸ்பேஸ் (logspace) கேட்டால், அதில் தொடக்கமாகவும் முடிவாகவும் கொடுப்பது 10-இன் அடுக்கு, மூன்றாவது புள்ளிகளின் எண்ணிக்கை. 0, 3, 4 கொடுத்தால் 1, 10, 100, 1000 வரும். முனை எண்களையே நேராகக் கொடுக்க ஜியோம்ஸ்பேஸ் (geomspace) இருக்கிறது.