அண்ணாந்து பார்த்தேன், கூரை இருந்தது

எருசலேமுக்கு எதிரே இருக்கும் ஒலிவமலையில் ஒரு தடவை நின்றுவிட்டு வரவேண்டும். அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். "ஆண்டவர் பரலோகத்துக்கு ஏறிப்போன இடம். திரும்பி வரப்போற இடமும் அதுதானே" என்பாள். மூட்டுவலி அவளைப் போகவிடவில்லை. கடைசி நாட்களில் "நீயாவது போய் நில்லு" என்றாள். சரி என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்னதைச் செய்ய நாலு வருஷம் ஆயிற்று. கர்த்தர் வழி திறந்தார், ஸ்தோத்திரம்.

மலை உச்சியில் பேருந்து நின்றதும் விற்பவர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஒலிவக் கொப்பு, படச்சுருள், மணிமாலை, எல்லாமே "ஒன் டாலர், ஒன் டாலர்". கையில் திணித்துவிட்டுக் காசு கேட்கிறார்கள், திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஒட்டகக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்தார். ஜெபத்தோடு வந்த மனசு ஐந்து நிமிஷத்தில் சிடுசிடுப்பாகிவிட்டது.

முதலில் கர்த்தருடைய ஜெபத்தின் ஆலயம். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபத்தை ஓட்டுப் பலகைகளில் எழுதிச் சுவரெங்கும் பதித்திருக்கிறார்கள். தமிழைக் கண்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று வாய் தானாகச் சொல்லிற்று. ஒரு சுவர் விடாமல் படம் எடுத்தேன். விளைவு, பரமேறுதல் சிற்றாலயத்து வாசலில் செல்போன் செத்துவிட்டது.

அங்கேதான் எனக்குப் படம் வேண்டும். அம்மாவின் பழைய வேதாகமத்தை உள்ளே இருக்கும் பாறைமேல் வைத்து ஒரு படம், அவ்வளவுதான். எங்கள் குழுவில் ஒரு அக்காவிடம் பவர் பேங்க் இருந்தது. பத்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். "இல்லம்மா, கொடுத்தா உனக்கும் பத்தாது, எனக்கும் பத்தாது" என்றார். சுருக்கென்று இருந்தது. வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது: மணவாளன் வரும் இரவுக்கு விளக்கோடு எண்ணெயும் வைத்திருந்த புத்தியுள்ள கன்னிகைகள், எண்ணெய் கேட்ட மற்றவர்களுக்குச் சொன்ன பதில் அல்லவா இது! அந்த உவமையை ஆண்டவர் சொன்னதும் இதே மலையில் உட்கார்ந்துதான். சிரிப்பு வந்தது, கோபமும் போகவில்லை.

சிற்றாலயம் எட்டுப் பட்டையாக, சின்னது. உள்ளே பலிபீடம் இல்லை, படம் இல்லை. சிலுவைப்போர்க்காரர்கள் கட்டியபோது மேலே திறந்தவெளியாக விட்டிருந்தார்களாம். 1187-ல் எருசலேம் இஸ்லாமிய சுல்தான் சலாவுதீன் கைக்குப் போன பிறகு கவிகை எழுப்பி மூடினார்கள். இன்றும் இஸ்லாமியர் பொறுப்பில்தான் இருக்கிறது. தரையில் சட்டமிட்ட பாறையில் ஒரு பள்ளம், ஆண்டவரின் பாதச்சுவடு என்கிறார்கள். அதுதானா என்று நான் ஆராயப் போகவில்லை. முழங்காலிட்டு அதன்மேல் கையை வைத்தேன். சில்லென்று, எண்ணற்ற கைகள் தடவித் தடவி வழவழவென்று இருந்தது. பின்னால் வேறொரு குழு "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஏதோ மொழியில் முணுமுணுத்தது.

வானத்தைப் பார்க்கலாம் என்று அண்ணாந்தேன். கல் கூரை.

"நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்து அந்தக் கேள்வி என்னைக் கேட்ட மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஒருநாளும் வானத்தைப் பார்த்து நின்றவள் இல்லை. இன்ன வருஷம் வருகிறார் என்று கணக்குப் போடும் பிரசங்கிகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "அந்த நாள் குமாரனுக்கே தெரியாதுன்னு எழுதியிருக்கு, இவருக்கு மட்டும் யார் சொன்னா?" என்பாள். அவள் ஆயத்தமெல்லாம் வேறு மாதிரி. யாரிடமாவது முகம் கோணியிருந்தால் அன்று இரவே போய்ப் பேசிவிடுவாள், தப்பு அவள் பேரில் இல்லாவிட்டாலும். "ராத்திரி வந்துட்டார்னா இந்த மூஞ்சியோடயா போய் நிக்கிறது?" சின்ன வயசில் இது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆண்டவர் வரும் எக்காளச் சத்தத்துக்கு அவள் வைத்திருந்த எண்ணெய் அதுதான் என்று அந்தப் பாறைமேல் கைவைத்துக்கொண்டுதான் எனக்குப் புரிந்தது. அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, காவலர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார். அம்மாவுக்காக வந்தேன் என்று நினைத்தேன், அவள்தான் என்னை அனுப்பியிருக்கிறாள். ஆண்டவரே, அப்படி ஒரு தாயைக் கொடுத்தீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இறக்கம் செங்குத்து. என் மூட்டும் அம்மா வழிதான் போல, படிக்குப் படி வலி. வழிநெடுக யூதர் கல்லறைகள், ஒன்றரை லட்சம் இருக்கும் என்கிறார்கள். உயிர்த்தெழும்போது முகம் ஆலய மலையை நோக்கி இருக்கவேண்டும் என்று அந்தப் பக்கம் கால்நீட்டிப் படுக்க வைத்திருக்கிறார்களாம். கல்லறைகள்மேல் கூழாங்கற்கள். எதிரே எருசலேம் மதிலில், 1541-ல் கல் வைத்து அடைத்த பொன்வாசல். ஆண்டவர் நகரத்தைப் பார்த்து அழுத இடத்தில், கண்ணீர்த்துளி வடிவில் கட்டிய ஆலயத்தில் சற்று உட்கார்ந்தோம். கெத்செமனே தோட்டத்து ஒலிவமரங்களைக் கூட்டத்தில் எட்டி எட்டித்தான் பார்த்தேன். அதற்கெல்லாம் மனசு நிற்கவில்லை.

பேருந்தில் ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த அக்கா சன்னலோரம் இருந்தார். நாள் முழுக்க அவரிடம் நான் பேசவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, காலையில நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அதை இன்னும் நினைச்சுக்கிட்டிருக்கியா?" என்று என் கையைத் தட்டினார். "அவர் படுத்த படுக்கையா இருக்காரும்மா. வரமாட்டேன்னுதான் சொன்னேன், அவர்தான் போயிட்டு வான்னு அனுப்பினார். தினம் இந்நேரத்துக்குக் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன். நாம போய்ச் சேர நேரமாயிட்டா, அதுக்குத்தான் இது."

பவர் பேங்கில் ஒரே ஒரு விளக்கு மினுங்கியது. ஒயரைச் செருகி எண்ணை அழுத்தினார். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்.

"வந்துட்டியா?" என்ற குரல் எனக்கே கேட்டது.