செகண்ட் சர்வ்: ஐந்து மாதமும் ஒரு மொட்டை மாடியும்

போன ஞாயிறு டென்னிஸ் டபுள்ஸில் ஒரு செட்டை 4-6 என்று தோற்றோம். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அந்த செட்டில் நான் போட்ட டபுள் ஃபால்ட் இரண்டே இரண்டு. ஒரு பாயிண்டுக்கு இரண்டு சர்வ் வாய்ப்பு உண்டு, இரண்டும் தவறினால் அதுதான் டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. ஜனவரி கடைசியில் இதே ஜோடிக்கு எதிராக, இதே மண் கோர்ட்டில், நான் சர்வ் போட்ட மூன்று கேமில் ஏழு போட்டவன் நான். அதில் ஒரு கேமை எதிராளிகள் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் ஜெயித்தார்கள். என் பார்ட்னர் எதுவும் சொல்லவில்லை. நெட் அருகே நின்று ராக்கெட் நரம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று ராத்திரிதான் நோட்டுப் போட்டேன். ஃபோர்ஹேண்டு, வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) எதையும் தொடுவதில்லை, செகண்ட் சர்வ் மட்டும் என்று முடிவு. ஃபர்ஸ்ட் சர்வ் எனக்கு ஏதோ வந்துவிடும். பத்தில் ஐந்து உள்ளே போகும். மீதி ஐந்துக்குத்தான் இந்தப் பாடு.

முதலில் நான் செய்த தப்பு எல்லோரும் செய்வதுதான். செகண்ட் சர்வ் என்றதும் பயந்து கையை மெதுவாக்கினேன். எங்கள் கோர்ட்டில் ஆட்டம் பழக்கிவிடும் மார்க்கர் அண்ணன் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க பந்தை அடிக்கிறதே இல்ல. தள்றீங்க. பயந்துக்கிட்டே தள்ளினா அது பாதி நாள் நெட்டுல, பாதி நாள் வெளில." மெதுவாக்காமல் எப்படி உள்ளே போடுவது என்று கேட்டேன். இன்னும் வேகமாகச் சுற்றச் சொன்னார். எனக்கு அது அப்போது கிறுக்குத்தனமாகப் பட்டது.

சரி, நான் கணக்குப் பார்க்கும் ஆசாமி. ஒரு பேப்பரை எடுத்துக் கோர்ட்டை வரைந்தேன். பேஸ்லைனிலிருந்து (நின்று சர்வ் போடும் பின்கோடு) நெட் 39 அடி. நெட்டிலிருந்து சர்வீஸ் லைன் (சர்வ் இதைத் தாண்டாமல் விழ வேண்டும்) 21 அடி. மொத்தம் 60. நான் ஐந்தடி ஆறு அங்குலம். ராக்கெட்டை நீட்டி, எம்பாமல் பந்தைத் தொடும் உயரம் சுமார் எட்டேகால் அடி. அந்த இடத்திலிருந்து சர்வீஸ் லைனுக்கு ஒரு நேர்கோடு போட்டால், நெட்டைக் கடக்கும்போது அதன் உயரம் எட்டேகாலில் அறுபதுக்கு இருபத்தொரு பங்கு. அதாவது சுமார் 2.89 அடி. நெட்டின் நடுப்பகுதி, இருப்பதிலேயே தாழ்வான இடம், 3 அடி. ஓரத்தில் மூன்றரை. அப்படியானால் எவ்வளவு பலமாக அடித்தாலும், கோடு போட்டதுபோல நேராகப் போகும் பந்து எனக்கு நெட்டில்தான் முட்டும். நெட்டின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போகவே, பந்தைத் தொடும் உயரம் எட்டடி ஏழு அங்குலம் வேண்டும். பந்தின் பருமனை அதில் இன்னும் சேர்க்கவில்லை.

"மேலேர்ந்து கீழ அடி" என்று பத்து வருடமாக எனக்கு உபதேசம் செய்தவர்கள் எல்லோரும் ஆறடிக்காரர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் போன்ற குட்டையன் பந்தை மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும். நெட்டுக்கு மேல் இரண்டு மூன்றடி தாராளமாகப் போய், அப்புறம் கீழே இறங்க வேண்டும். இறக்குவது இரண்டு விஷயம்: புவியீர்ப்பும் ஸ்பின்னும். புவியீர்ப்பை மட்டும் நம்பினால் பந்து சாவகாசமாகப் போய், எதிராளி காபி குடித்துவிட்டு வந்து அடிக்கிற மாதிரி நிற்கும். ஸ்பின் வேண்டுமென்றால் ராக்கெட் வேகமாகச் சுற்ற வேண்டும். மார்க்கர் அண்ணன் சொன்னதை நான் 2.89 போட்டுப் புரிந்துகொண்டேன்.

அடுத்தது கிரிப், அதாவது ராக்கெட்டைப் பிடிக்கும் விதம். சர்வுக்கான கான்டினென்டல் பிடி ஆடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆள்காட்டி விரலின் அடிமுட்டி கைப்பிடியின் இரண்டாவது பட்டையில். தெரியும், ஆனால் பதற்றத்தில் என் கை தானாக ஃபோர்ஹேண்டு பிடிக்குத் திரும்பிவிடும். ராக்கெட்டின் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு மேலே போகும். ஹோட்டலில் சர்வர் தட்டு ஏந்தி வருவாரே, அப்படி. நான் நாலு வருடமாக அந்த வகை சர்வர்தான். இதற்கு மருந்து கோர்ட்டுக்கு வெளியே இருந்தது. மார்க்கர் அண்ணன் வாசலைக் காட்டி, "அந்த இளநீர்க்காரரைப் பாருங்க" என்றார். அரிவாளின் விளிம்புதான் காயை நோக்கிப் போகிறது. தட்டையான பக்கத்தால் யாரும் இளநீர் சீவுவதில்லை. ராக்கெட்டும் விளிம்பை முன்னால் விட்டு மேலேறி, பந்து வரும் கடைசிக் கணத்தில்தான் முன்கை திரும்பி முகம் திறக்க வேண்டும். இரண்டு வாரம் பந்தே இல்லாமல், விளிம்பை முன்னால் விட்டு வீசி வீசிப் பழகினேன். சரியாக வீசினால் 'விஷ்' என்று காது கிழியும். தப்பாக வீசினால் விசிறி மட்டையால் அடித்த மாதிரி ஒரு மொத்தைச் சத்தம்.

இதெல்லாம் எளிது. என்னை உண்மையில் கொன்றது டாஸ், அதாவது சர்வுக்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவது.

டாஸைப் பற்றி நான் தனியாக ஒரு புலம்பல் எழுதலாம். எதிராளி தலையிடாத, என் கையில் மட்டுமே இருக்கிற ஒரே விஷயம் இந்த விளையாட்டில் அதுதான். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் இருநூறு டாஸ். இடது காலின் பெருவிரலுக்கு ஒரு அடி முன்னால் மடித்த துண்டு ஒன்றைப் போட்டேன். தூக்கிப் போட்ட பந்தை அடிக்காமல், பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். அது துண்டின் மேல் விழுந்தால் ஒரு மார்க். முதல் நாள் இருநூறுக்கு முப்பத்தொன்று. பெரும்பாலானவை தலைக்குப் பின்னால். இரண்டு பந்துகள் பக்கத்து வீட்டு மாமியின் வடாமில் விழுந்தன. மாமி பந்தைத் திருப்பிக் கொடுத்தார். வடாம் பற்றி இன்றுவரை பேசவில்லை. என் மனைவி துணி எடுக்க வந்தவள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். "பந்தைத் தூக்கிப் போட்டுட்டு பிடிக்காம விடுறதுக்கு ஒரு பயிற்சியா? நம்ம பையன் ஒரு வயசுலயே இதைச் செஞ்சான்."

ஃபோனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வீடியோ எடுத்தபிறகுதான் கோளாறு தெரிந்தது. ஒன்றல்ல, மூன்று. பந்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தேன், கடைசியில் மணிக்கட்டைச் சுண்டினேன், பந்தை ரொம்ப மேலே போய்த்தான் விட்டேன். முதலாவதற்கு, தண்ணீர் நிறைந்த டம்ளரைப் பிடிப்பதுபோல விரல் நுனிகளால் பிடித்தேன். இரண்டாவதற்கு, முழங்கையை மடக்காமல் கை முழுவதையும் தோளிலிருந்து தூக்கினேன். மூன்றாவதற்கு, கண் மட்டத்தில் விரல்களைத் திறந்தேன். பந்து சுழலாமல் மேலே போனால் சரி. கம்பெனி பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். எழுத்து சுற்றினால் மணிக்கட்டு திருட்டுத்தனம் செய்கிறது என்று அர்த்தம். மார்ச் முடிவில் நூற்று நாற்பது மார்க். அதற்குமேல் ஏறவே மாட்டேன் என்கிறது. சாயங்காலம் கடல்காற்று வந்துவிட்டால் நூறுகூட இல்லை.

ஆகவே ஒரு குறுக்கு வழி. டாஸ் சரியாக வரவில்லையென்றால் அடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி போடலாம். ராக்கெட்டை வீசாதவரை அது ஃபால்ட் இல்லை, விதி நம் பக்கம். நான் இதை வெட்கமில்லாமல் பயன்படுத்துகிறேன். எதிர்ப்பக்கம் "ம்ச்" என்று ஒரு சத்தம் வரும். வரட்டும்.

ஸ்பின் வருகிறதா என்று பார்க்க இன்னொரு வேலை செய்தேன். பழைய பந்துகள் பத்தை எடுத்து, பாதிப் பாதியாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பூசினேன். மெதுவாகச் சுழன்றால் கறுப்பும் மஞ்சளும் மாறி மாறிப் பளிச்சிடும். நன்றாகச் சுழன்றால் இரண்டும் கலந்து ஒரு பாசி நிறம் வரும். முதலில் சர்வீஸ் லைனில் மண்டியிட்டு, அங்கிருந்தே எதிர்ப் பெட்டிக்குள் போடுவது. மண்டியிட்டால் தொடும் உயரம் ஏழடிக்கும் குறைவுதான். பந்தைக் கீழிருந்து மேலே உரசாமல் நெட்டைத் தாண்டிப் பெட்டிக்குள் போடுவது கஷ்டம், உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். யோகா பாயை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் போடாமல் முட்டி இரண்டும் செம்மண் பூசிய கொழுக்கட்டை ஆனது. நாற்பது பந்து அடித்துவிட்டு இரண்டடி பின்னால், மறுபடி நாற்பது. பேஸ்லைனுக்கு வந்து சேர ஆறு வாரம். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் முதல்முறையாக அந்தப் பாசி நிறம் தெரிந்தது. தனியாகத்தான் இருந்தேன், கத்தினேன், வாட்ச்மேன் ஓடிவந்தார்.

பந்து பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் பழைய பந்து போதும், ஆனால் ஆட்டத்தில் செத்த பந்து போட்டால் ஸ்பின் எடுபடவே எடுபடாது. பெரியமேட்டில் ஒரு கடையில் தள்ளுபடி என்று ஆறு டப்பா வாங்கினேன். முதல் டப்பாவைத் திறந்தபோது 'புஸ்' சத்தமே இல்லை. இரண்டாவதும் அப்படியே. காற்று எப்போதோ போய்விட்ட சரக்கு. நான்கைத் திருப்பிக் கொடுத்தேன், திறந்த இரண்டுக்கும் காசு தரவில்லை. இப்போதெல்லாம் டப்பாவின் மூடியை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறேன். விறைப்பாக இருக்க வேண்டும். நரம்பு விஷயத்தில் பாலியெஸ்டரை விட்டு சிந்தெடிக் கட் எனும் நைலான் நரம்புக்கு வந்துவிட்டேன், 52 பவுண்டு இறுக்கம். பாலியில் ஸ்பின் கூடுதல்தான், ஆனால் தினமும் நூறு சர்வ் அடிக்கும் நாற்பத்துமூன்று வயது முழங்கை வேறு கதை சொல்லியது. கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப் பட்டைக்கு நீல டூர்னா. சென்னை வியர்வைக்கு இதுவரை எனக்குச் சரிப்பட்டது அது ஒன்றுதான், இரண்டு ஆட்டத்தில் கிழிந்துவிடுகிறது என்றாலும்.

கிழிவது என்றதும் ஞாபகம் வருகிறது, மே மாதம் மனசே கிழிந்துபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அக்னி நட்சத்திரம், காலை ஏழரைக்கே ராக்கெட் வழுக்குகிறது, டபுள் ஃபால்ட் மறுபடி ஐந்து. அப்போது எனக்குத் துணை நின்றவர் இந்தியாவின் முன்னாள் டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன். நேரில் அல்ல, யூடியூபில். அவருடைய சர்வ் அந்தக் காலத்துக்கே மெதுவானது. அதை வைத்துக்கொண்டு அமெரிக்க ஓபனில் இருமுறை, விம்பிள்டனில் ஒருமுறை கால் இறுதிக்குப் போயிருக்கிறார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய முதல்நிலை வீரர் மாட்ஸ் வீலாண்டரைச் சாய்த்தார். வேகம் இல்லாத சர்வ்தான், ஆனால் அது எங்கே போய் விழுகிறது, அடுத்த பந்துக்கு அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நான் அதுவரை 'உள்ளே' என்ற ஒரே இலக்குக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இலக்கு வைத்தேன். டியூஸ் கோர்ட்டில் (நான் வலப்பக்கம் நின்று சர்வ் போடும்போது) நடுக்கோட்டை ஒட்டி. நெட் தாழ்வான இடம், வலக்கைக்காரரின் பேக்ஹேண்டு பக்கம், அதோடு என் ஸ்பின் கொஞ்சம் ஸ்லைஸ் (பக்கவாட்டுச் சுழற்சி) கலந்தது என்பதால் பந்து வளைந்து அவர் உடம்பைத் தேடிப் போகும். எங்கள் எதிர் ஜோடியில் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஈ.பி. சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அறுபத்தெட்டு வயது, எதையும் ஸ்லைஸ் செய்தே ஆளைக் கொல்வார். என் செகண்ட் சர்வ் என்றால் சர்வீஸ் லைனுக்கு ஒரு கெஜம் பின்னால் வந்து நின்றுகொள்வார், அவமானப்படுத்துகிற மாதிரி. போன ஞாயிறு இரண்டாவது சர்வீஸ் கேமில் பந்து வயிற்றுக்கு நேராக ஏறியதும் தடுமாறி நெட்டில் போட்டார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த பாயிண்டுக்கு மெதுவாகப் பேஸ்லைன்வரை பின்னால் நடந்து போனார். நடந்துகொண்டே, "என்னப்பா, ஏதாவது சாப்பிடுறியா?" என்றார்.

அப்புறம் ஏன் தோற்றோம் என்றால், ஆட் கோர்ட், அதாவது இடப்பக்கம் நின்று போடும் சர்வ். அங்கே இதே சர்வ் எனக்கே எதிரி. அவர்களின் பேக்ஹேண்டு வெளிப்பக்கம் இருக்கிறது, நான் அங்கே குறிவைத்தால் ஸ்லைஸ் வளைந்து நேராக அவர்களின் ஃபோர்ஹேண்டில் போய் உட்கார்கிறது. அவர்கள் அதை நெட்டில் நிற்கும் என் பார்ட்னரின் மார்புக்கு அனுப்புகிறார்கள். அவருடைய விலா எலும்பில் இப்போது ஒரு நீல வட்டம். அங்கே தேவைப்படுவது கிக் என்ற வகை சர்வ். டாஸ் தலைக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கம். பந்து இறங்கியதும் எகிறி வெளிப்பக்கமாகத் துள்ள வேண்டும். துண்டை நகர்த்திப் போட்டு ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் இருநூறுக்கு இருபத்தாறு.

அதுவரைக்கும் ஒரு ஒப்பந்தம்: ஆட் கோர்ட்டில் என் செகண்ட் சர்வ் என்றால் பார்ட்னர் நெட்டை விட்டுப் பேஸ்லைனுக்கு வந்துவிடுவார். பார்க்க அசிங்கமாக இருக்கும், விலா எலும்பு தப்பும். வடகிழக்குப் பருவமழை வந்து கோர்ட்டைச் சேறாக்கும்வரை இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன், இந்த முறை பந்து இடப்பக்கமாக வரும் என்று.