ஏழு வயதுத் தொழிலாளி
குழந்தைப் பருவம் இயற்கையே வகுத்தது என்று நம்புகிறவர்கள் 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஏழு வயது நிரம்பாதவர்களைப் பெரிய ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்றும் விதித்த அச்சட்டம் அன்று சீர்திருத்தமாகவே கருதப்பட்டது (பம்பாய்ப் பருத்தி ஆலைகளின் போட்டியை அஞ்சிய, இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலை முதலாளிகளின் நெருக்குதலும் அதன் பின்னால் இருந்தது என்பது வேறு கதை). பத்தே ஆண்டுகளில், 1891இல், அந்த வயது 9 ஆக உயர்ந்தது. பிள்ளைகளின் எலும்பும் தசையும் அதற்குள் மாறிவிடவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இல்லை என்று 1960இல் எழுதிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே சற்று மிகைப்படுத்தினார் என்றே நினைக்கிறேன். பெற்ற பாசம் எக்காலத்திலும் இருந்திருக்கும். ஆயினும், எந்த வயது வரை விளையாட்டு, எந்த வயதிலிருந்து கூலி என்பதை அந்தந்தச் சமூகத்தின் தேவைகளே தீர்மானித்திருக்கின்றன.